அலமாரிக்குப் பின்னால் ஒரு ஸ்டூடியோ

திலகத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அமராவதி. ரவாங்கில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் ஓர் அறையைப் பத்து வருஷமாக என் பெயரில் வாடகைக்கு வைத்திருந்தவள். நாலு கட்டில், ஓர் அலமாரி, ஒரு ஃபேன், ஒரு ஜன்னல். அந்தக் கட்டில்களில் படுத்துப் போன பெண்களை எண்ணினால் ஒரு பஸ்ஸை நிரப்பலாம். எல்லாம் ஃபாக்டரி வேலைக்கு வந்த தோட்டத்துப் பிள்ளைகள். வருவார்கள், ஒரு வாரம் அழுவார்கள், சம்பளம் வாங்கியதும் சிரிப்பார்கள், கல்யாணம் ஆகிப் போய்விடுவார்கள். நான் மட்டும் அங்கேயே இருந்தேன். நான் பத்தாங் காலியில் பிறந்தவள். அங்கே எனக்கென்று இப்போது யாரும் இல்லை. கட்டினவன் சிங்கப்பூர் போய் வருகிறேன் என்றான். போனான். என் கதை அவ்வளவுதான். இது திலகத்தின் கதை.

அவள் வந்தது எண்பத்து நாலில். இருபத்திரண்டு வயது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து, ஒரு தகரப் பெட்டியும் கை நிறையப் புண்ணுமாக வந்து நின்றாள். மருந்தடிக்கும் வேலை பார்த்தவள். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மரத்தடிப் புல்லுக்கு விஷம் அடிக்கிற வேலை. அது கையிலும் கழுத்திலும் தோலை உரித்திருந்தது. மூன்று வருஷம் பொறுத்துவிட்டு, இனி முடியாது என்று கிளம்பி வந்துவிட்டாள்.

இதில் தப்பு என்ன என்றுதான் நானும் கேட்டேன். தோட்டத்து வீடு தோட்டத்து வேலையோடு ஒட்டியது என்பதை மறந்துவிட்டுக் கேட்டேன். வீட்டில் ஓர் ஆளாவது ஆபீசில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்து வரிசையில் வீடு. அவள் அப்பா நல்லசாமி மண்டோராக ஆள் மேய்த்து, வயதாகி வேலையை விட்டவர். கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. வீடு இவள் பேரில்தான் நின்றுகொண்டிருந்தது. இவள் கிளம்பியதும், வீடு போகாமல் இருக்க, ஐம்பதைத் தாண்டிய அம்மா வள்ளியம்மா மறுபடி பேர் பதிந்துகொண்டு, உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போனாள். காலையிலிருந்து மதியம் வரை குனிந்தே செய்கிற வேலை.

"உங்கம்மாவக் குனிய வச்சிட்டுப் போற. நானா வான்னு கூப்புடற வரைக்கும் இந்தப் படி ஏறாத." நல்லசாமி சொன்னது இவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இவளும் படி ஏறவில்லை. தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விட, நானும் இவளும் அறையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டோம். "போய்த்தான் நில்லேன், அடிச்சா தொரத்திடுவாரு?" என்றேன். "கூப்புடாம எப்படிக்கா போறது?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடிதம் போடலாம் என்றால் அதுவும் வம்பு. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். கணக்கெழுதும் கிராணி மேசையில் கிடக்கும். அங்கிருந்து நல்லசாமி கைக்குப் போகும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இவள் எழுதிய இரண்டு கடிதமும் உறை பிரிக்காமல் அடுப்புக்குப் போயின.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய மாமா காளியண்ணன் ஒரு வழி சொன்னார். அம்மாவுக்குத் தம்பி. தோட்டத்தில் மைக் செட் வைத்திருப்பவர். கோயில் பக்கத்தில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. அதில் ஆம்ப்ளிஃபயர், ஹார்ன், கேசட் மெஷின் எல்லாம் இருந்தன. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சாமான் வாங்க ரவாங் வருவார். "பேசிக் குடும்மா, நான் கொண்டு போறேன். அக்கா கொட்டாயில வந்து கேட்டுக்கும். மறுபக்கத்துல அது பேசும், நான் கொண்டாந்து குடுக்கறேன். உங்கப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

திலகம் போனஸ் பணத்தை முழுசாகக் கொடுத்து ஒரு ரேடியோ கேசட் மெஷின் வாங்கினாள். வயரோடு ஒரு மைக். கட்டிலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசி அனுப்பினாள். திரும்பி வந்த கேசட்டில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எங்கடி இருந்து பேசற? பட்டறையிலயா?"

வேறென்ன கேட்பாள்? கீழே சைக்கிள் கடை முதலாளி தவுக்கே ரிம்மைப் போட்டுத் தட்டிக்கொண்டே இருப்பான். ரோட்டில் சிமெண்டு லோரி போகும். மேலே ஃபேன் கடகடவென்று ஆடும். நடுவில் இவளுடைய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே அலமாரியை நகர்த்த ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது அறையில் எங்களோடு புஷ்பவள்ளியும் அன்னம்மாவும் இருந்தார்கள். நாலு பேருக்கு ரெண்டு ஷிப்ட். யாராவது ஒருத்தி எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்த அறையில்தான் இவளுக்கு ஸ்டூடியோ வேண்டுமாம். அலமாரியைச் சுவரிலிருந்து மூன்று அடி இழுத்துப் போட்டு, பின்னால் ஒரு பொந்து உண்டாக்கினாள். ஒரு பக்கம் தன் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாத்தினாள். அதன் பிறகு அவள் தூங்கியது வெறும் பலகையில்தான். சுவருக்கு முட்டை அட்டை. சீனன் மளிகைக் கடையில் கேட்டு வாங்கி, மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, நாற்பது அட்டையை ஒட்டினாள். கருமம், அந்தப் பசையைத் தின்ன ரவாங்கில் உள்ள கரப்பான் பூச்சி எல்லாம் எங்கள் அறைக்குக் குடிவந்துவிட்டது. மூன்றாம் நாள் என் மூக்குமேல் ஒன்று ஏறியது. நான் துடைப்பத்தை எடுத்து அத்தனை அட்டையையும் பிய்த்து எறிந்தேன்.

"எல்லாத்தையும் தூக்கி வெளிய போடறேன் பாரு! ஊமை மாதிரி இருந்துகிட்டு என்னா கூத்து அடிக்கற நீ?"

அவள் கீழே இறங்கிப் போய் அரிசிக் கடையில் பழைய கோணிச்சாக்கு எட்டு வாங்கி வந்தாள். இரட்டை இரட்டையாக வைத்துத் தைத்து, கயிறு கட்டித் தொங்கவிட்டாள். மேலே ஒரு கம்பளி. முன்னால் என்னுடைய பழைய சேலை இரண்டு. என்னைக் கேட்காமல் எடுத்தாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பால்டின் பெட்டியின் மேல் மெஷின். துணி மாட்டும் கம்பியை வளைத்து அதில் மைக்கைத் தொங்கவிட்டு, மூச்சுக் காற்று அடிக்காமல் இருக்க ஒரு காலுறையை மாட்டினாள். வெளிச்சத்துக்குக் கையில் டார்ச்.

நேரத்தையும் கண்டுபிடித்தாள். ஒரு மணிக்குத் தவுக்கே கடையைப் பாதி மூடிவிட்டுத் தூங்குவான். ரெண்டு மணி வரைக்கும் தட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லோரியும் குறைவு. அந்த ஒரு மணி நேரம் ஃபேனை நிறுத்த வேண்டும். மதிய வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே! நாங்கள் வெந்துகொண்டு கிடப்போம். இவள் அந்தச் சாக்குப் பொந்துக்குள் உட்கார்ந்து, "அம்மா, நான் திலகம் பேசறேன்" என்று ஆரம்பிப்பாள். வெளியே வரும்போது தலையில் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருப்பாள்.

ஒன்று சொல்ல வேண்டும். குரல் நன்றாக விழுந்தது. இந்தத் தடவை கேட்டபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருந்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பதில் கேசட்டில் வள்ளியம்மா பேசுவதைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். "திலகம், சாப்டியா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவாள். சத்தமே இருக்காது. நாலு மூச்சு நேரம் கழித்து, "ம். கை எப்படி இருக்கு? ஆறிருச்சா?" என்பாள். மறுபடி நிறுத்தம். டெலிபோனில் பேசுகிறமாதிரி பதிலுக்கு இடம் விட்டு விட்டுப் பேசினாள் அந்தப் பொம்பளை! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். திலகமோ அந்த இடத்தில் எல்லாம் நிதானமாக, "சாப்டேன்மா", "ஆறிருச்சும்மா" என்று மெஷினைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒவ்வொரு தடவையும் ஒரே சமாச்சாரம்தான். "அப்பா எதாச்சும் சொன்னாரான்னு கேட்டியே. ஒண்ணும் சொல்லலம்மா."

கொஞ்ச நாளில் மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. அன்னம்மாவின் நாலு வயது மகன் சுங்கை புரோங்கில் அவள் அம்மாவிடம் வளர்ந்தான். அவனுக்காக அவள் பொந்துக்குள் போய்ப் பாட்டுப் பாடினாள். புஷ்பவள்ளி தனக்கு நிச்சயம் பண்ணியிருந்த பையனுக்கு என்னத்தையோ குசுகுசுத்தாள். போகும்போது இளித்துக்கொண்டு போவாள்கள். வரும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவாள்கள். எதிரில் ஆள் இல்லாமல் பேச ஆரம்பித்தால் என்னதான் வருமோ!

"அக்கா, நீங்களும் போங்கலா. ஃபேன் ஆஃப் பண்ணித்தான் கெடக்கு" என்பாள் புஷ்பவள்ளி.

"போறேன்டி. எமனுக்கு ஒரு கேசட் அனுப்பணும். அட்ரஸ் இருந்தா குடு."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான். ஆனால் ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் அந்தச் சேலையை விலக்கி உள்ளே போய் உட்கார்ந்தேன். சாக்கு வாசனை. என் மூச்சு எனக்கே கேட்டது. யார் பேரைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எழுந்து வந்து அரிசி களைந்தேன்.

எண்பத்தாறில் ஃபாக்டரியில் ஆள் குறைக்க ஆரம்பித்தார்கள். அன்னம்மாவுக்கு வேலை போயிற்று. அவள் சுங்கை புரோங் போய்ச் சேர்ந்தாள். புஷ்பவள்ளிக்குக் கல்யாணம் ஆயிற்று. அறையில் நாங்கள் ரெண்டு பேர்தான். அந்த வருஷம் ஆடி மாதம், காளியண்ணன் கொண்டுவந்த கேசட்டில் வள்ளியம்மா கேள்விகளுக்கு நடுவே, "இடுப்பு புடிச்சிக்கிச்சு திலகம், நிமிர முடியல" என்று ஒரு தடவை சொன்னாள். உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

திலகம் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குப் பொந்துக்குள் போனாள். இந்தத் தடவை "அப்பா" என்று ஆரம்பித்தாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்தேன்.

"அப்பா, நான் திலகம். நான் செஞ்சது உங்களுக்கு ஒப்பல. எனக்கு அந்த மருந்து ஒப்பல. அவ்வளவுதாம்பா. அம்மா நிமிர முடியலங்கறாங்க. நான் வந்து பேர் ஏத்திக்கறேன். மருந்தடிக்க மட்டும் போகமாட்டேன், வேற எந்த வேலைன்னாலும் சரி. நீங்க வரச்சொன்னா வரேன். மறுபக்கம் வெறுமையா இருக்கு. அதுல ஒரு வார்த்தை சொல்லிடுங்கப்பா. வான்னாலும் சரி, வராதன்னாலும் சரி."

காளியண்ணன் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா வேலையில் இருந்தார். அதற்குப் பிறகு அந்த மாதம் ரவாங் வரவில்லை. திலகத்துக்கு லீவும் இல்லை, படியேறும் உரிமையும் இல்லை. திருவிழாவுக்கு நான் போய்க் கேசட்டைக் கொடுத்து வரவேண்டும் என்றாள். "என்னை என்னா தபால்காரின்னு நெனச்சியா?" என்று கத்திவிட்டுச் சரி என்றேன்.

இப்போது ஒரு சின்ன விஷயம். கவனமாகக் கேளுங்கள். அவள் பேசியது புதுக் கேசட் இல்லை. பசார் மாலாம் இராச்சந்தையில் ஒரு வெள்ளிக்கு விற்கும் பழைய அம்மன் பாட்டுக் கேசட். வீட்டில் கிடந்தாலும் அப்பாவுக்குச் சந்தேகம் வராது என்று முதலிலிருந்தே அவற்றைத்தான் வாங்குவாள். பாட்டுக் கேசட்டின் முதுகில் ரெண்டு ஓட்டை இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. ஓட்டையை டேப் வைத்து ஒட்டினால்தான் அந்தப் பக்கத்தில் பதியும். இல்லாவிட்டால் சிவப்புப் பட்டன் கீழே இறங்காது. பழைய பாட்டு அப்படியே இருக்கும். தன் பக்கத்தை அவள் ஒட்டியிருந்தாள். காலையில் ஃபாக்டரி பஸ் ஹார்ன் அடிக்க, படியில் இறங்கிக்கொண்டே, "அக்கா, மறுபக்கத்து ஓட்டையை மறக்காம ஒட்டிடுங்க! டேப்பு மேசமேல இருக்கு!" என்றாள்.

மறக்கவில்லை நான். டேப்பைக் கையில் எடுத்தேன். ரெண்டு வருஷம் வாய் திறக்காத மனுஷன் இன்றைக்குத்தான் மெஷினில் பேசிக் கிழிக்கப்போகிறானா என்று நினைத்தேன். டேப்பை மேசைமேலேயே போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன்.

ரவாங்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை, அங்கே பஸ் மாறி, இறங்கி, செம்பனைக்கு நடுவே செம்மண் ரோட்டில் ஒரு மைல் நடை. போய்ச் சேர்ந்தபோது பால்குடம் கிளம்புகிற நேரம். காளியண்ணனைக் கொட்டகையில் கண்டுபிடித்துக் கேசட்டைக் கொடுத்தேன். "அப்பாவுக்காம். எப்படியாவது கேக்க வைக்கணுமாம்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "சாமி எல்லாம் முடியட்டும்" என்று சொல்லி மேசைமேல் வைத்தார். அந்த மேசையில் ஏற்கெனவே முப்பது கேசட் கிடந்தது. எல்லாம் அம்மன் பாட்டு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திருவிழாவுக்கென்று கொண்டுவந்து கொடுத்தவை. உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் அந்த நேரத்தில் புரியவில்லை, மோர் வாங்கிக் குடிக்கப் போய்விட்டேன்.

நான் மோரை வாயில் வைத்தபோது, யாரோ மேசையில் கைக்கு வந்த கேசட்டை எடுத்துப் போட, நாலு ஹார்ன் ஒலிபெருக்கியிலும் அவள் பேசினாள்.

"அப்பா, நான் திலகம்."

பால்குடம் தூக்கியிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். லயத்துப் பக்கமிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அலமாரிக்குப் பின்னால் சாக்குக்குள் மெதுவாகப் பேசின பேச்சு, செம்பனை மரமெல்லாம் கேட்கும்படி ஓடியது. நல்லசாமி கோயில் தலைவர். மஞ்சள் வேட்டியும் தலைப்பாகையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். நெட்டையான ஆள். அவர் முகத்தை எல்லாரும் பார்த்தார்கள். "அம்மா நிமிர முடியலங்கறாங்க" என்று ஹார்ன் சொன்னபோது, கூட்டத்தில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள்தான் வள்ளியம்மா என்று தெரிந்துகொண்டேன். காளியண்ணன் பதறி ஓடி நிறுத்துவதற்குள் "வராதன்னாலும் சரி" வரைக்கும் ஓடிவிட்டது.

நல்லசாமி விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனார். அடிதடி என்று நானும் பின்னால் ஓடினேன்.

"இதுல எப்படிடா பேசறது?" என்றார்.

காளியண்ணன் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தி, கேசட்டைத் திருப்பிப் போட்டு, முதலுக்கு ஓட்டி, சின்ன மைக்கைச் சொருகினார். "செவப்பையும் பக்கத்துல உள்ளதையும் சேத்து அமுக்கணும் மாமா. சக்கரம் சுத்தும். சுத்த ஆரம்பிச்சா பேசலாம்."

"வெளிய போ."

கதவைச் சாத்திக்கொண்டார். தகர இடுக்கு வழியாக நான் பார்த்தேன். எனக்கு வெட்கம் கிடையாது. அவர் ரெண்டு விரலால் பட்டனை அழுத்தினார். அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. ஓட்டை! சிவப்பு இறங்காமல் நின்றிருக்கும். பக்கத்துப் பட்டன் மட்டும் இறங்கி, சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் நிறுத்தியிருந்ததால் பாட்டும் கேட்கவில்லை. அவர் சக்கரத்தைப் பார்த்தார், மைக்கை வாயருகில் வைத்தார், பேசினார்.

கதவைத் தட்டியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தட்டத் துணிச்சல் வரவில்லை. அதே நேரத்தில் வெளியே உருமி மேளம் தொடங்கிவிட்டது. ஒரு சொல் காதில் விழவில்லை. விரலை ஆட்டினார். நிறுத்தினார். தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். மறுபடி பேசினார். பத்து நிமிஷம் இருக்கும். பிறகு கதவைத் திறந்து கேசட்டை என்னிடம் நீட்டினார்.

"நீதான் கொண்டாந்தவளா? கொண்டு போய்க் குடு." சாமிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

பஸ்ஸில் அந்தக் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அது நெருப்பாகச் சுட்டது. வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு என்னை நான் திட்டிக்கொண்ட மாதிரி யாரையும் திட்டினதில்லை.

அறைக்கு வந்ததும் திலகம் கேசட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "பேசினாரா?"

"பேசினாரு. என் கண்ணால பாத்தேன்."

அவள் முகம் மலர்ந்த மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மெஷினில் போட்டு மறுபக்கத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். உடுக்கைச் சத்தம். அம்மன் பாட்டு. முதல் பாட்டு முடிந்தது, ரெண்டாவது வந்தது. அதற்குப் பிறகு வரும் என்று காத்திருந்தாள். அரை மணி நேரம் முழுக்கப் பாட்டு ஓடி, பட்டன் டக்கென்று மேலே எழும்பியது. கேசட்டை எடுத்து முதுகைத் தடவிப் பார்த்தாள். விரல் ஓட்டையில் நின்றது.

"ஒட்டலியாக்கா?"

எதற்கும் பதில் வைத்திருப்பவள் நான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னா பேசினாரு? கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன். "வான்னு சொன்னாரு."

"வேற?"

"வேற என்னா? வான்னாரு. போ."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு தகரப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில், ரெண்டு புடவையும் அம்மாவுக்கு ஒரு தைலப் புட்டியும் மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு ராத்திரி வந்துவிடுவாள் என்று சோறு வடித்து வைத்தேன். வரவில்லை. அடுத்த நாள் ஃபாக்டரியில் கையில் எடுத்தது எல்லாம் தப்பாகப் போனது. அவர் கதவைச் சாத்தியிருந்தால் என்ன செய்வாள்? "எவ சொன்னா?" என்று ஊர் கேட்கக் கேட்டிருந்தால்? ஆறு நாள். ஆறு நாளும் தகரத்தின் இடுக்கில் ஆடின அந்த விரல் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அது வா என்று கூப்பிடுகிறவரின் விரல் இல்லை.

ஏழாம் நாள் காளியண்ணன் வந்தார். "பெட்டிய எடுத்தாரச் சொன்னா. பேர் ஏத்திக்கிட்டா, நர்சரில கன்னுக்கு மண்ணு ரொப்பற வேல. இனி இங்க வரமாட்டா. மெஷின நீங்களே வச்சுக்குவீங்களாம்" என்றார். ஒரு கேசட்டைக் கொடுத்தார். அவர் போன பிறகு கதவைச் சாத்தி அதைப் போட்டேன்.

"அக்கா, சாப்டீங்களா?"

பிறகு சத்தம் இல்லை. அவளுக்கும் அம்மா புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் விட்டுத்தான் பேசினாள்.

"நான் போனப்ப அப்பா வாசல்ல சைக்கிள் தொடச்சிக்கிட்டு இருந்தாரு. நீங்க வரச்சொன்னதா அக்கா சொன்னாங்கப்பான்னேன். 'அப்படியா சொன்னா?'ன்னாரு. ஆமான்னேன். என்னையே பாத்தாரு. துணிய ஒதறிட்டு, 'சரி, வா'ன்னாரு. ராத்திரி அம்மாதான் சொன்னாங்க. மெஷின்ல அவரு சொன்னது வேறயாம். ஊரு முன்னாடி மானத்த வாங்கிட்ட, நான் செத்தாலும் வராதன்னாராம். சொன்னதுலேருந்து சோறு எறங்கலியாம் அவருக்கு. இப்ப அம்மாகிட்ட என்னா சொல்றாரு தெரியுமா? 'நான் வராதன்னேன், அங்க போய் வான்னு கேட்டிருக்கு. அம்மன் பாட்டு கேசட்டு இல்ல, ஆத்தா மாத்திட்டா'ங்கறாரு. நானும் ஆமான்னுட்டேன்."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"நீங்க பொய் சொன்னது எனக்கு அப்பவே தெரியும்க்கா. திருவிழாவுல உருமி அடிக்கறப்ப பக்கத்துல கத்தினாலும் கேக்காது. தெரிஞ்சுதான் கெளம்பினேன். யாராச்சும் ஒருத்தங்க வாயால வான்னு கேட்டாப் போதும்னு இருந்துச்சு. மறுபக்கம் உங்களுக்கு. ரெண்டு ஓட்டையும் நானே ஒட்டிட்டேன், உங்கள நம்ப முடியாது."

பட்டன் எழும்பியது. கீழே தவுக்கே கடையைப் பாதி மூடும் சத்தம் கேட்டது. ஒரு மணி. நாலு கட்டிலில் மூன்று வெறுமையாகக் கிடந்தன. அவளுடைய மெத்தை இன்னும் சுவரோடு நிமிர்ந்து நின்றது. ஃபேனை நிறுத்தினேன். கேசட்டை மறுபக்கம் மாற்றிப் போட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு சேலையை விலக்கி உள்ளே போய் உட்கார்ந்தேன்.

சிவப்புப் பட்டனில் விரலை வைத்தேன். அழுத்தவில்லை. இதுவரை என்னை யாரும் கேட்காத கேள்வி அவள் பக்கத்தில் இருந்தது. கேசட்டை அவள் பக்கத்துக்கே திருப்பி, முதலிலிருந்து ஓடவிட்டேன்.

"அக்கா, சாப்டீங்களா?"

சத்தம் இல்லை. அவள் விட்டிருந்த இடம் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லடி" என்றேன். "இன்னும் சாப்புடல."